ஸ்ட்ரிப்புல மாசம் 1,100 மிச்சம் பிடிச்சோம்... ஆஸ்பத்திரி பில் 92,000! எங்க வீட்டு 'இதர செலவு' கதை



மாசா மாசம் முதல் வாரம் எங்க வீட்டு பட்ஜெட்டை வீடியோவுல காட்டுறேன். மளிகை, பால், கேஸ், கரண்ட், ஸ்கூல் ஃபீஸ், நகைச் சீட்டுன்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதி கேமரா முன்னாடி வைப்பேன். அதுல கடைசியில 'இதர செலவு'ன்னு ஒரு வரி வரும். "அக்கா, சிக்கனம் பத்திப் பேசுறீங்க, ஆனா இதர செலவு மட்டும் ஏன் இவ்வளவு?"ன்னு எத்தனையோ பேர் கேட்டிருக்கீங்க. நானும் சிரிச்சே மழுப்பிட்டு வந்தேன்.

அந்த வரி என் பொண்ணோட இன்சுலின். அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய்.

இதை எழுதலாமான்னு அவகிட்டயே கேட்டேன். "எழுதும்மா, ஆனா என் பேரைப் போடாத. அப்புறம் அழுவாச்சியா எழுதாத"ன்னா. சரின்னு சொல்லியிருக்கேன். அதனால இது அழுகைக் கதை இல்ல, கணக்குக் கதை. அதுவும் நாங்க தப்பா போட்ட ஒரு கணக்கோட கதை.

ஏழு வயசுல ஆரம்பிச்சது

நாங்க இருக்கிறது முத்தாபுதுப்பேட்டை. வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. நான் வீட்டுல தையல், மிச்ச நேரம் இந்த சேனல். 2018-ல பொண்ணு ரெண்டாங்கிளாஸ். திடீர்னு பாட்டில் பாட்டிலா தண்ணி குடிச்சா, ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போனா, நல்லா சாப்பிட்டும் இளைச்சுக்கிட்டே போனா. "வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்"னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணப்பதான் தெரிஞ்சது.

"நிறைய மிட்டாய் வாங்கிக் கொடுத்தியா?"ன்னு இன்னிக்கும் சொந்தக்காரங்க கேட்கிறாங்க. மிட்டாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களைத் தாக்கி அழிச்சிடுது. அதனால வெளியில இருந்து இன்சுலின் போட்டே ஆகணும், வாழ்நாள் முழுக்க. மாத்திரை, பாகற்காய் ஜூஸ், வெந்தயம் எதுவும் இன்சுலினுக்கு மாற்று கிடையாது. அதை நம்பி ஊசியை நிறுத்தினா பிள்ளையோட உயிருக்கே ஆபத்து.

சம்பளம் ஏறுச்சு, இஎஸ்ஐ போச்சு

முதல் நாலு வருஷம் பணக் கவலை பெருசா தெரியல. காரணம் இஎஸ்ஐ. சம்பளத்துல 0.75 சதவீதம் நாம கட்டுறோம், 3.25 சதவீதம் கம்பெனி கட்டுது. அதுல குடும்பத்துக்கே டாக்டர், மருந்து, அட்மிஷன் எல்லாம். இன்சுலினும் அங்கேயே வாங்கிட்டு வந்தோம்.

2022 ஏப்ரல்ல வீட்டுக்காரருக்கு சம்பளம் ஏறுச்சு, மாசம் 3,500 ரூபா. ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வந்தார். ஆனா இஎஸ்ஐக்கு சம்பள வரம்பு 21,000. அவர் அதைத் தாண்டிட்டார். மூவாயிரத்து ஐந்நூறு உள்ள வந்து, கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபா மருத்துவச் செலவு தலையில விழுந்தது. சம்பள உயர்வுல நஷ்டம் வரும்னு அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன்.

இதுல ஒரு விஷயம் எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சது. வரம்பைத் தாண்டின உடனே எல்லாம் நின்னுடாது. பணம் கட்டுற 'பங்களிப்புக் காலம்' வேற, அதுக்கான 'பலன் காலம்' வேற. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் கட்டினதுக்கு ஜூலையில இருந்து டிசம்பர் வரை பலன் உண்டு. நாங்க விசாரிக்காம கார்டைத் தூக்கி பீரோவுல வச்சிட்டோம். உங்க வீட்டுல சம்பளம் 20,000 பக்கம் இருந்தா, ஏறுறதுக்கு முன்னாடியே இஎஸ்ஐ கிளை அலுவலகத்துல போய்க் கேட்டுக்கோங்க.

அந்த ஜூன்ல குடும்பத்துக்கு ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தோம். டைப் 1-ன்னு சொன்னதும் மூணு கம்பெனி முடியாதுன்னுட்டாங்க, நாலாவது இடத்துல கொடுத்தாங்க. எதையும் மறைக்கல. ஆனா ஏற்கனவே இருக்கிற நோய்க்கு காத்திருப்புக் காலம்னு ஒண்ணு இருந்தது. அதைக் கையெழுத்துப் போடும்போது படிச்சேன், அப்புறம் மறந்துட்டேன்.

நாங்க 'சிக்கனம்' பண்ண விதம்

ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சுகர் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஸ்ட்ரிப் 18 ரூபா. நாலு தடவைன்னா மாசம் 2,160. ஒரு ராத்திரி நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு நான்தான் ஆரம்பிச்சேன். "ஏங்க, நாலு எதுக்கு? காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போதாதா? மாசம் ஆயிரத்து நூறு மிச்சம்." அவரும், "சுகர் இப்ப நல்லாத்தானே இருக்கு, பண்ணிப் பார்ப்போம்"னார்.

அதே நோட்டுல அடுத்த வரி நகைச் சீட்டு, மாசம் 2,000. அதுல கை வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. பொண்ணு கல்யாணத்துக்காச்சே! நல்லா கவனிங்க மக்களே. அவ கல்யாணத்துக்கு நகை சேர்க்க, அவ உடம்பைப் பார்த்துக்கிற காசுல கை வச்சேன். பட்ஜெட் சொல்லித் தர்ற நானே.

இந்தப் பேச்சு நடக்கும்போது பொண்ணு பக்கத்து ரூம்ல படிச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்குக் கேட்கும்னு எங்க ரெண்டு பேருக்கும் தோணல.

ஆயுத பூஜைக்கு முந்தின ராத்திரி

2024 அக்டோபர். சாயந்திரம் இருந்தே வயித்து வலின்னா, ராத்திரி ரெண்டு தடவை வாந்தி. மதியம் ஃப்ரெண்ட் வீட்டுல சாப்பிட்டது ஒத்துக்கலன்னு நினைச்சு ஓம வாட்டர் கொடுத்தேன். "சாப்பிடலையே, இன்சுலின் போட்டா சுகர் இறங்கிடும்"னு ராத்திரி ஊசியையும் போடல. ரெண்டு மணிக்கு மூச்சு வேகமா, ஆழமா இழுக்க ஆரம்பிச்சது. வாயில அழுகின பழ வாசனை. ஆட்டோ பிடிச்சு பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிகேஏ, அதாவது இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்பை எரிச்சு, ரத்தம் அமிலமாகிற நிலை. ரெண்டு நாள் ஐசியூ, ரெண்டு நாள் வார்டு.

டைப் 1 பிள்ளை வச்சிருக்கிற அம்மா அப்பா இதை மனப்பாடம் பண்ணிக்கோங்க. காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிடலைன்னாலும் இன்சுலினை முழுசா நிறுத்தக் கூடாது. அளவை எப்படி மாத்துறதுன்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க. வயித்து வலி, வாந்தியோட சுகரும் ஏறியிருந்தா கீட்டோன் பார்க்கணும். மூச்சு வேகமானா விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது.

பில் 92,000. இன்சூரன்ஸ்ல போட்டோம், வரல. பாலிசி எடுத்து 28 மாசம்தான் ஆகியிருந்தது. ஏற்கனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 48 மாசமா இருந்ததை 2024-ல ஐஆர்டிஏஐ 36 மாசமாக் குறைச்சது. அப்படிப் பார்த்தாலும் எங்களுக்கு இன்னும் 8 மாசம் பாக்கி. கம்பெனி மேல தப்பு சொல்ல முடியாது. என் ரெண்டு வளையல் அடகுக்குப் போச்சு.

கால்குலேட்டர் எடுங்க. மாசம் 1,100 மிச்சம் பிடிச்சு 92,000 சேர்க்க எத்தனை மாசம்? 84 மாசம். ஏழு வருஷ 'சிக்கனம்' நாலு நாள்ல போயிடுச்சு.

நோட்டுல எல்லாமே நல்ல மார்க்

வார்டுல டாக்டர் சுகர் நோட்டைக் கேட்டார். 118, 132, 126, 140. அழகா எழுதியிருந்தா. டாக்டர் பக்கத்துல லேப் ரிப்போர்ட்டை வச்சார். மூணு மாச சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி 10.8. அப்படின்னா சராசரி சுகர் 260 பக்கம். நோட்டுல 130. மீட்டரோட மெமரியைப் பார்த்தா, வாரத்துக்கு மூணு நாலு ரீடிங்தான் இருக்கு. மிச்சமெல்லாம் அவளே எழுதினது.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"ன்னு கோபமாத்தான் கேட்டேன்.

சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னா. "ஒரு ஸ்ட்ரிப் பதினெட்டு ரூபான்னு நீயும் அப்பாவும் பேசினீங்கல்ல. நான் பார்க்கலைன்னா அந்தக் காசு மிச்சம்தானேம்மா. அப்புறம் நம்பர் ஜாஸ்தியா இருந்தா நீ திட்டுவ."

ஸ்கூல்ல மதிய ஊசியும் நிறைய நாள் போடலையாம். பாத்ரூம்ல ஒளிஞ்சு போடறது பிடிக்கல. கிளாஸ்ல போட்டா பசங்க பார்ப்பாங்க.

வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாம வெளியில போயிட்டார். நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் நடத்தின சிக்கனப் பாடத்துல நல்லா மார்க் வாங்கினது என் பொண்ணுதான்.

அடுத்து வந்த ரிப்போர்ட்

சில மாசம் கழிச்சு வருஷாந்திர டெஸ்ட் எடுத்தோம். கண்ணுல பிரச்சனை இல்ல. ஆனா யூரின்ல அல்புமின்னு சொல்ற புரதம் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு தடவையில முடிவு பண்ண மாட்டாங்க. திரும்ப எடுத்தாங்க, அதுலயும் ஜாஸ்தி. கிட்னியோட வடிகட்டியில லேசா கசிவு ஆரம்பிச்சிருக்கு. பதினாலு வயசுல.

இந்த ரெண்டு வருஷ அலட்சியத்தால மட்டும்தான் வந்ததுன்னு டாக்டர் சொல்லல. எத்தனை வருஷமா நோய் இருக்கு, பருவ வயசு, பிரஷர் எல்லாம் சேர்ந்துதான் வரும்னார். ஆனா ஒண்ணு சொன்னார்: "இது ஆரம்ப நிலைம்மா. சுகரையும் பிரஷரையும் கட்டுக்குள்ள வச்சா நிறைய பிள்ளைங்களுக்கு இது திரும்பக் குறையும். விட்டுட்டா குறையாது."

இதுக்கு ஒரு பெரிய ஆதாரமே இருக்கு. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 1983-ல இருந்து 1993 வரைக்கும் டைப் 1 உள்ள 1,441 பேரை வச்சு டிசிசிடின்னு ஒரு ஆய்வு நடந்தது. அடிக்கடி சுகர் பார்த்து, அதுக்கேத்த மாதிரி இன்சுலின் போட்டு, ஹெச்பிஏ1சியை 7 பக்கம் வச்சிருந்தவங்க ஒரு குழு. வழக்கமான சிகிச்சையில 9 பக்கம் இருந்தவங்க இன்னொரு குழு. முதல் குழுவுல கண் விழித்திரை பாதிப்பு வர்ற வாய்ப்பு 76 சதவீதம் குறைஞ்சது. நரம்பு பாதிப்பு 60 சதவீதம் குறைஞ்சது. கிட்னி பாதிப்பும் நல்லாவே குறைஞ்சது. ஆய்வு முடிஞ்சு பல வருஷம் கழிச்சுப் பார்த்தப்பவும், ஆரம்பத்துல கட்டுப்பாடா இருந்தவங்களுக்கு அந்தப் பலன் நீடிச்சது.

எஸ்ஐபியை சீக்கிரம் ஆரம்பிங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்துறேன்ல, இதுவும் அதேதான். இப்ப போடுற 18 ரூபா ஸ்ட்ரிப்புக்கு இருபது வருஷம் கழிச்சு பலன் வரும். அதை 'செலவு' வரியில எழுதினது என் தப்பு. வீட்டு லோன் ஈஎம்ஐ மாதிரி, முதல் வரியில எழுத வேண்டியது.

இப்ப எங்க வீட்டு மாசக் கணக்கு

இது எங்க பில். உங்க கடை, உங்க பிள்ளையோட அளவைப் பொறுத்து மாறும்.

- இன்சுலின் (பேனா கார்ட்ரிட்ஜ்): 3,500
- ஸ்ட்ரிப்: 2,200
- பேனா ஊசி: 500
- ஹெச்பிஏ1சி (மூணு மாசத்துக்கு ஒரு தடவை, மாசக் கணக்குல): 150
- டாக்டர், போக்குவரத்து: 700
- வருஷாந்திர கண், யூரின், தைராய்டு டெஸ்ட் (மாசக் கணக்குல): 300
- குளுக்கோஸ், கீட்டோன் ஸ்ட்ரிப்: 150

மொத்தம் 7,500. நகைச் சீட்டு முடிஞ்சதும் புதுசா சேரல. அந்த 2,000 இங்க வந்துடுச்சு.

எங்க குறைக்கலாம், எங்க கூடாது?

*குறைக்கலாம்:* அரசு ஆஸ்பத்திரியில இன்சுலின் இலவசம். எங்க பக்கத்துல இருந்து ஆவடி ஸ்டேஷன் போய் லோக்கல் ட்ரெயின் ஏறினா சென்ட்ரல். எதிர்லயே ஜிஎச், அங்க நீரிழிவு நோய்க்குன்னே தனித் துறை இருக்கு. சின்னப் பிள்ளைன்னா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஒரு நாள் லீவு போடணும், க்யூவுல நிக்கணும். ஆனா அது மாசம் ஆயிரக்கணக்குல மிச்சம். சுகர் மீட்டர், ஸ்ட்ரிப்புக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து 12 சதவீதம் 5 ஆயிடுச்சு. பழைய விலையிலேயே கொடுக்கிறாங்களான்னு பில்லைப் பாருங்க.

*ஜாக்கிரதை:* பேனாவுல இருந்து பாட்டில் இன்சுலினுக்கு மாறினா டாக்டர்கிட்ட கேட்டுத்தான் மாறணும். பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டும் வருது, 100 யூனிட்டும் வருது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மாத்திப் போட்டா அளவு ரெண்டரை மடங்கு தப்பாகும். கரண்ட் போனா இன்சுலின் கெட்டுப் போகும்னு பயந்து ஃப்ரீசர்ல வைக்காதீங்க, உறைஞ்சா வேஸ்ட். மண் பானைக்குள்ள தண்ணி படாம வச்சாப் போதும்.

*கூடவே கூடாது:* ஸ்ட்ரிப், இன்சுலின் அளவு, வருஷாந்திர டெஸ்ட். இந்த மூணுல கை வைக்காதீங்க.

இன்சூரன்ஸ், வரி: நாலே வரி

1. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் இருந்தா பெரும்பாலும் முதல் நாள்ல இருந்தே பழைய நோயும் கவராகும். வேலை மாறும்போது சம்பளத்தோட இதையும் கேளுங்க. தனி பாலிசிக்கு பிரீமியத்துல இப்ப ஜிஎஸ்டி கிடையாது. ஆனா வழக்கமான பாலிசி அட்மிஷனுக்குத்தான். இன்சுலின், ஸ்ட்ரிப் காசு வராது. காத்திருப்புக் காலம் முடியுற வரைக்கும் ஒரு லட்சமாவது எமர்ஜென்சி ஃபண்ட் வைங்க. நோயை மட்டும் மறைக்காதீங்க.

2. குடும்ப வருமானம் வருஷம் 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. எங்க பக்கத்துல ஏர்ஃபோர்ஸ், டேங்க் ஃபேக்டரி குடும்பங்கள் ஜாஸ்தி. முன்னாள் படைவீரர்னா இசிஹெச்எஸ்ல பிள்ளை பேர் சேர்ந்திருக்கான்னு இன்னிக்கே பாருங்க.

3. சர்க்கரை நோய்க்கு 80டிடிபி-யில வரிக் கழிவு கிடைக்கும்னு சிலர் சொல்றாங்க. கிடைக்காது, அந்தப் பட்டியல்ல சர்க்கரை நோய் இல்ல. நாள்பட்ட கிட்னி செயலிழப்பு இருக்கு. அதுவும் பழைய வரி முறையில மட்டும்தான். அந்தக் கழிவு நம்ம வீட்டுக்கு வராம இருக்கறதுதான் நமக்கு லாபம்.

4. அம்மா, அப்பா பேர்ல டேர்ம் இன்சூரன்ஸ் கட்டாயம். நாம இல்லைன்னாலும் இன்சுலின் நிக்கக் கூடாது.

கணக்கை விட முக்கியமான ஒண்ணு

இப்ப எங்க வீட்டுல மூணு மாற்றம்.

சுகர் நம்பரை மார்க் மாதிரி பார்க்கிறதில்ல. 310 வந்தாலும் "எதுக்கு 310?"ன்னு கத்தாம, "சரி, எவ்வளவு போடலாம்?"னுதான் கேட்கிறோம். நம்பரைப் பார்த்துத் திட்டினா, அடுத்த தடவை நம்பர் குறையாது. பொய் நம்பர்தான் வரும்.

ஸ்கூல்ல போய்ப் பேசினோம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-லயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கு. டைப் 1 பிள்ளைங்க கிளாஸ்லயே சுகர் பார்க்கவும், ஊசி போடவும், நடுவுல சாப்பிடவும் அனுமதிக்கணும்னு. டாக்டர் லெட்டரோட போனோம், டீச்சர் ஒத்துக்கிட்டாங்க. இப்ப கடைசி பெஞ்சுல உட்கார்ந்தே போட்டுக்கிறா. ரெண்டு நாள் பசங்க வேடிக்கை பார்த்தாங்களாம், மூணாவது நாள் மறந்துட்டாங்களாம்.

மூணாவது, மருந்துக் காசை அவ காதுல விழற மாதிரி பேசறதில்ல. அதுக்காக மறைக்கிறதும் இல்ல. இந்த மாச பட்ஜெட்டை மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். முதல் வரியில அவளையே எழுதச் சொன்னேன். 'இன்சுலின், ஸ்ட்ரிப்: 7,500. இது மாறாது'ன்னு எழுதினா. அதுக்குக் கீழதான் அரிசி.

போன மாச யூரின் டெஸ்ட்ல அல்புமின் குறைஞ்சிருக்கு. இன்னும் நார்மலுக்கு வரல. ஹெச்பிஏ1சி 7.9. ஸ்ட்ரிப் டப்பா காலியாகும்போது இப்ப அவளே வந்து, "அம்மா, தீரப் போகுது"ங்கிறா. அந்த வார்த்தை காதுல விழும்போதெல்லாம் எனக்கு நிம்மதியா இருக்கு.

அடுத்த வாரம் வீடியோவுல, பிள்ளைக்குத் தொடர் மருத்துவச் செலவு இருக்கிற வீட்டுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் எப்படிச் சேர்க்கிறதுன்னு காட்டுறேன். இனிமே நம்ம பட்ஜெட் நோட்டுல 'இதர செலவு'ங்கிற வரி வராது. உங்க வீட்டு நோட்டுலயும் அப்படி ஒரு வரி இருந்தா, அதுக்கு இன்னிக்கு ராத்திரி சரியான பேரை வச்சு முதல் வரிக்குக் கொண்டு வாங்க.